டோக்கன் போட்டுத் தரும் நொதி

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், ஃபீனிக்ஸில் ப்ரீபெய்டு மின் மீட்டர் வைத்திருக்கும் வீட்டாருக்கு இந்தப் பேச்சு சட்டென்று பிடிபடும். கையில் எத்தனை ராண்ட் இருந்தாலும் மீட்டருக்கு அது ஆகாது. கடையில் கொடுத்து, 20 இலக்க டோக்கனாக மாற்றித் தட்டினால்தான் விளக்கு எரியும். நம் செல்லுக்குள் இப்படி மாற்றித் தருகிற நொதிதான் இ1.

பழுதான புரதத்தையும் வேலை முடிந்த புரதத்தையும் செல் அழித்துக்கொண்டே இருக்கிறது. "இதை அழி" என்று ஒட்டும் அடையாளம் யூபிக்விட்டின், 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். கையிலுள்ள ராண்ட் போல, தானாக அது எதிலும் ஒட்டாது. இ1, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்றைச் செலவழித்து, அதன் துண்டான ஏஎம்பியை யூபிக்விட்டினின் வால் நுனியில் சேர்க்கிறது. இதற்கு மெக்னீசியம் வேண்டும். அடுத்து இ1-இன் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் உள்ள கந்தகம் அந்த வாலைப் பற்றிக்கொள்ள, ஏஎம்பி கழன்றுவிடும். இந்தக் கந்தகப் பிணைப்பில் ஆற்றல் நிறைந்திருப்பதால், டோக்கனாகிவிட்ட யூபிக்விட்டின் எளிதாகக் கைமாறும். இ1-இலிருந்து இ2 என்ற அடுத்த நொதிக்கு, பிறகு இ3 என்ற நொதியின் உதவியோடு, அழியவேண்டிய புரதத்தின் லைசின் என்ற அமினோ அமிலத்துக்கு. இப்படி நாலைந்து சங்கிலியாகச் சேர்ந்தால், புரோட்டியாசோம் என்ற வெட்டும் இயந்திரம் அந்தப் புரதத்தைத் துண்டாக்கிவிடும்.

மனித உடலில் இ3 வகைகள் 600-க்கும் மேல். இ2 சுமார் 40. இ1 இரண்டே இரண்டு: யூபிஏ1, யூபிஏ6. பெரும்பாலான வேலை யூபிஏ1 தலையில்தான். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காக 2004-இல் சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று. டிஎஸ்85 என்று எலியின் புற்றுச் செல் வகை உண்டு. சுமார் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக வளரும். 39 பாகைக்கு ஏற்றினால் பிரிவது நின்றுவிடும். புரோட்டியாசோமில் குறையில்லை. சூட்டில் குலைந்தது இ1 மட்டும். 1984-இல் இது வெளிவந்தது. அந்த ஒன்று போனதும், சீக்கிரம் அழியவேண்டிய புரதங்கள் அப்படியே தேங்கின. செல் பிரிவதற்கும் சில புரதங்கள் குறித்த நேரத்தில் அழிந்தாக வேண்டும், நேயர்களே! சாதாரணக் காய்ச்சலில் நம் இ1 இப்படிக் குலையாது, பயம் வேண்டாம். அந்தச் செல்லின் இ1-இல் மரபணு மாற்றம் இருந்தது. மறுபடி சொல்கிறேன்: டோக்கன் இல்லையேல் மீட்டர் நல்லதாக இருந்தும் பயனில்லை.

மருந்துகளைப் பற்றியும் பேச நினைத்தேன்; நேரம் நெருங்கிவிட்டது. 2020-இல் அடையாளம் காணப்பட்ட வெக்ஸாஸ் நோயை மட்டும் சொல்லிவிடுகிறேன். எலும்பு மஜ்ஜையில், நடுவயதுக்குப் பிறகு, யூபிஏ1 மரபணு மாறுவதால் வருவது, பிள்ளைகளுக்குப் போகாது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்களுக்கு. வீட்டில் 50 தாண்டிய தாத்தாவோ மாமாவோ அடிக்கடி காய்ச்சல், காது குருத்தெலும்பு சிவந்து வீங்குதல், சிவப்பணு பெருத்த இரத்தசோகை என்று அவதிப்பட்டால், யூபிஏ1 சோதனை தேவையா என்று இரத்தநோய் மருத்துவரிடம் கேளுங்கள். வணக்கம்.