ஊதா வரி ஓடும் கல் ஜாடிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய அலங்காரக் கல் ஜாடிகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எகிப்தின் அலபாஸ்டர், ரஷ்யாவின் ஜாஸ்பர், இத்தாலியின் மார்பிள் என்று உலகம் முழுக்கக் கல் ஜாடிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போவதைவிட, நான் மிகவும் நேசிக்கும் ஒரே கல்லை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் டெர்பிஷயர் மாவட்டத்தில் காசில்டன் என்று ஓர் ஊர். அதை ஒட்டி ட்ரீக் கிளிஃப் என்ற குன்று. அந்தக் குன்றிலிருந்து எடுக்கும் ஊதா வரிக் கல்லுக்குப் பெயர் ப்ளூ ஜான்.

வேதியியல் கணக்கில் அது ஃப்ளோரைட். உலகில் பல இடங்களில் கிடைக்கும் சாதாரணக் கனிமம்தான். இரும்பு, எஃகு ஆலைகளில் டன் கணக்கில் செலவாகிறது. ட்ரீக் கிளிஃப் கல்லை உயர்த்தி வைப்பது அதன் வரிகள். சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் கனிமம் கரைந்த நீர் ஊறி, சுவரில் படிகம் படிகமாக வளர்ந்திருக்கிறது. ஓர் அடுக்கு ஊதா, அடுத்தது வெள்ளை, அப்புறம் இளமஞ்சள், மறுபடி கறுப்போ என்று தோன்றும் அளவுக்கு அடர்ந்த நீலம். படிகங்கள் கனசதுர வடிவத்தில் வளர்பவை. அதனால் வரிகள் நேர்கோடாக ஓடுவதில்லை. படிகங்களின் மூலைகளைத் தொடர்ந்து பல் பல்லாக மடிந்து போகின்றன. இதை நினைவில் வையுங்கள், பிறகு உதவும்.

இந்தக் கல்லைப் பெரிய இடத்துக்குக் கொண்டுபோனவர் பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்டன். பின்னாளில் ஜேம்ஸ் வாட்டுடன் சேர்ந்து நீராவி எந்திரம் செய்த அதே போல்டன்தான். 1768-ல் சுரங்கத்தையே குத்தகைக்கு எடுக்க முடியுமா என்று விசாரித்தார். அது நடக்கவில்லை. மறு ஆண்டு 14 டன் கல்லை வாங்கினார். கல்லைக் கடைந்து, பொன் முலாம் பூசிய வெண்கலக் கைப்பிடிகளும் விளிம்புகளும் பொருத்தி, வாசனைப் புகை ஜாடிகளாகவும் மெழுகுவர்த்தி ஜாடிகளாகவும் விற்றார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் சார்லட் ராணியும் 1770-ல் அவரிடம் பொருள் வாங்கினார்கள். அந்த அரச ஜாடிகளில் வெண்கலத்தின் நடுவே கல் மிக அமைதியாக நிற்கும். எனக்கு வெண்கலம் கொஞ்சம் அதிகம் என்றே தோன்றும். வெண்கலமே இல்லாமல் டெர்பிஷயர் கடைசல்காரர்கள் செய்த ஜாடிகளைத்தான் நான் விரும்பிப் பார்ப்பேன்.

அந்தக் கடைசல் வேலையைப் புரிந்துகொண்டால் ஜாடியை அடையாளம் காண்பது பாதி முடிந்த மாதிரி. ஃப்ளோரைட்டுக்கு நான்கு திசைகளில் பிளக்கும் குணம் உண்டு. உளி தவறிப் பட்டால், கல் கண்ணாடிபோல வளைந்த முகங்களாக உடையாது. தட்டையான பளபளப்பான முகங்களாகப் பிளந்து வரும். அதனால்தான் சுரங்கத்தில் ப்ளூ ஜானை வெடி வைத்து எடுப்பதில்லை, அந்தக் காலத்தில் கடப்பாரையும் ஆப்பும்தான். எடுத்த கல்லையும் அப்படியே கடைசலில் ஏற்ற முடியாது. நன்றாக உலர்த்தி, சூடாக்கி, பைன் மரப் பிசினில் ஊறவைப்பார்கள். பிசின் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் கடைசல். இப்போது பிசினுக்குப் பதில் எபாக்சி என்ற செயற்கைப் பசை வந்துவிட்டது.

இன்னொரு சிக்கல், கல் படிந்திருக்கும் அடுக்கு மெல்லியது. பெரிய ஜாடிக்கு வேண்டிய அளவில் ஒரே துண்டு கிடைப்பது மிக அரிது. எனவே பாதம் ஒரு துண்டு, தண்டு ஒரு துண்டு, வயிறு இரண்டு மூன்று துண்டு என்று செய்து ஒட்டுவார்கள். ஒட்டு தெரியாமல் இருக்க, கடைந்த வளையத்தின் பள்ளத்தில் அதை மறைப்பார்கள்.

இங்கேதான் சேகரிப்பவர்களோடு எனக்குச் சண்டை. ஜாடியில் ஒட்டு தெரிந்தால் முகம் சுளிக்கிறார்கள். பிசின் நிரம்பிய வெடிப்பைப் பார்த்தால் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். நான் அவற்றைத்தான் முதலில் தேடுகிறேன். பெரிய ஜாடி ஒன்று, ஒரு வெடிப்பும் இல்லாமல், ஒரே துண்டாக, வழவழவென்று இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். பழைய பிசினை முழுக்கச் சுரண்டி எடுத்து, புதிதாக மெருகேற்றி விற்கிற பழக்கமும் இருக்கிறது. அது ஜாடியின் சாட்சியத்தை அழிப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்யச் சொல்லாதீர்கள்.

சரி, ஏலத்துக்கு முந்தைய பார்வையில் ஊதா ஜாடி ஒன்று உங்கள் முன்னால் இருக்கிறது. இரண்டு கையாலும் அடியைத் தாங்கித் தூக்குங்கள். மூடியைப் பிடித்தோ கைப்பிடியைப் பிடித்தோ தூக்கவே கூடாது. கனமாக இருக்க வேண்டும். ஃப்ளோரைட் தண்ணீரைப்போல 3.2 மடங்கு எடை உள்ளது. மார்பிள் சுமார் 2.7, சாதாரணக் கண்ணாடி 2.5, ஜிப்சம் அலபாஸ்டர் வெறும் 2.3. சாயம் ஏற்றிய அலபாஸ்டரைக் கையே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து, ஒரு சிறு டார்ச்சை உள்ளே இறக்குங்கள். மெல்லிய சுவர் வழியாக ஊதாவும் தேன் நிறமும் எழும். வரிகள் உள்ளே ஆழம் வரை போவது தெரியும். மேலே பூசிய சாயம் என்றால் வரி மேற்பரப்போடு நின்றுவிடும். கண்ணாடி என்றால் லென்ஸில் உருண்டைக் குமிழ்கள் தெரியக்கூடும். பல் பல்லாக மடியும் அந்த வரிகளையும் தேடுங்கள். விளிம்பில் பழைய சில்லு பெயர்ந்திருந்தால் கவனமாகப் பாருங்கள், தட்டையான படிக்கட்டு மாதிரிப் பிளவு இருக்கும். புற ஊதா டார்ச் அடித்தால் பசையும் பிசினும் தனியாக ஒளிர்ந்து, எங்கே பழுதுபார்த்திருக்கிறார்கள் என்று காட்டும்.

கத்தியால் கீறிப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். ஒன்றிலிருந்து பத்து வரை போகும் கடினத்தன்மை அளவில் ஃப்ளோரைட் 4, கத்தி நிச்சயமாகக் கீறும். இருநூறு ஆண்டு மெருகில் அதைச் செய்ய எந்தக் காரணமும் போதாது. அமெதிஸ்ட் என்ற ஊதாக் குவார்ட்ஸ் கல் என்று எழுதி விற்கும் ஜாடியும் இப்படி உள்ளதே என்று சந்தேகம் வந்தால், அமெதிஸ்டின் கடினத்தன்மை 7. அதன் விளிம்புகள் அவ்வளவு எளிதில் தேய்ந்திருக்காது.

பீடத்தையும் பாருங்கள். பல ஜாடிகள் கறுப்புக் கல்லின் மேல் நிற்கும். அது ஆஷ்ஃபோர்டு கறுப்பு மார்பிள் என்று பெயர் பெற்ற, அதே மாவட்டத்துச் சுண்ணாம்புக் கல். அடிபட்ட இடம் சாம்பல் நிறமாகத் தெரியும். பீடமும் ஜாடியும் ஒரே காலத்தவையா என்று தனியாகக் கேளுங்கள், மாற்றியிருப்பார்கள்.

இப்போது சீனாவிலிருந்தும் வரி ஓடும் ஊதா ஃப்ளோரைட் வருகிறது. அதுவும் உண்மையான கல், அழகான கல். பழைய டெர்பிஷயர் ஜாடி என்று விற்றால் மட்டும் ஏமாற்று. எடையும் பிளவும் இங்கே உதவாது. கடைசலின் பாணி, பழைய பிசின், பீடம், கைமாறிய வரலாறு, இவற்றைத்தான் நம்ப வேண்டும்.

ரோமானியர்களும் ப்ளூ ஜானைப் பயன்படுத்தினார்கள் என்ற கதையைப் பல ஜாடிகளோடு சேர்த்துச் சொல்வார்கள். அதற்குச் சான்று இல்லை. ஆனால் ரோமில் ஃப்ளோரைட் கோப்பைகள் இருந்தது உண்மை, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அக்காலத்து ரோமானிய எழுத்தாளர் ப்ளினி, 'முர்ரைன்' என்ற விலையுயர்ந்த கோப்பைகளைப் பற்றி எழுதுகிறார். அவற்றை ஃப்ளோரைட் என்றே அறிஞர் பலர் கருதுகிறார்கள். ரோமின் உயர் ஆட்சிப் பதவியான கான்சல் பதவியை வகித்த ஒருவர் தன் கோப்பையின் மேல் கொண்ட ஆசையில் விளிம்பையே கடித்துத் தேய்த்துவிட்டாராம். பல் எனாமலின் கடினத்தன்மை 5, ஃப்ளோரைட்டுக்கு 4. ஆக, நடக்கக்கூடிய காரியம்தான்!

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்சட்டியைப் பழக்கிவிட்டால் அடுப்புச் சூட்டைத் தாங்கும். இந்தக் கல் எப்படிப் பழக்கினாலும் தாங்காது. ஹீட்டர் பக்கத்தில், ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். வெந்நீர் வேண்டாம், தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கவும் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் நல்லவற்றைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். டெர்பிஷயரிலேயே சாட்ஸ்வொர்த் மாளிகையில் மிகப் பெரிய ஜாடி ஒன்று இருக்கிறது. கெடில்ஸ்டன் ஹால் என்ற மாளிகையின் இசை அறையில், கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் வடிவமைத்த கணப்பு முகப்பில் ப்ளூ ஜான் பதித்திருக்கிறார்கள். காசில்டனுக்கே போனால் குகைக்குள் பாறையோடு இருக்கும் வரிகளைப் பார்க்கலாம். இன்றும் அங்கே ஆண்டுதோறும் கொஞ்சம் கல்லை எடுத்து, ஊர்ப் பட்டறைகளில் கடைகிறார்கள்.

நன்றி, வணக்கம்.