தடித்த எழுத்தில் வந்தால் நோயா?

[திரையில்: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். மூன்று எண்கள் மட்டும் தடித்த எழுத்தில்.]

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் நேராகப் போவது இந்தத் தடித்த எண்களுக்குத்தான். டாக்டரைப் பார்ப்பதற்குள் இணையத்தில் தேடித் தேடி ராத்திரித் தூக்கமே போய்விடும். சரி, பதறுவதற்கு முன்னால் அந்த எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள்.

[நெருக்கக் காட்சி: 'ரெஃபரன்ஸ் ரேஞ்ச்' கட்டம்.]

ஆரோக்கியமாக இருக்கும் நிறையப் பேரின் ரத்தத்தைச் சோதித்து, அவர்களில் 95 சதவீதம் பேருக்கு எந்த அளவுக்குள் வருகிறதோ, அதையே பெரும்பாலும் இந்த வரம்பாக வைக்கிறார்கள். அதைத் தாண்டிய எண்தான் தடித்த எழுத்தில் வருகிறது. மீதி 5 சதவீதம் பேர்? அவர்களும் ஆரோக்கியமானவர்கள்தானே! ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் சேர்த்துச் செய்தால், எந்த நோயும் இல்லாதவருக்கும் ஏதோ ஒன்றாவது வரம்பைத் தாண்ட சுமார் 64 சதவீத வாய்ப்பு உண்டு. முழு உடல் பரிசோதனையில் எல்லாமே வரம்புக்குள் வந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் எல்லா வரம்பும் இந்தக் கணக்கில் வந்தவை அல்ல. சில, எந்த அளவிலிருந்து நோய் என்று பார்த்து வைத்தவை.

[திரையில்: எச்பிஏ1சி 6.1%]

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதனால் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று இந்த எச்பிஏ1சி சோதனையில் பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி தெரிந்துவிடும். முந்தின நாள் மட்டும் இனிப்பைத் தள்ளிவைத்துத் தப்பிக்க முடியாது! 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5, அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லையென்றால் மறுபடி சோதித்துத்தான் உறுதி செய்வார்கள். ரத்தசோகை இருந்தால் இந்த எண் தப்பாகக் காட்டலாம், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

[திரையில்: கிரியேட்டினின், அதன் கீழே இ-ஜிஎஃப்ஆர்]

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே அனுப்புகிறது. தசை அதிகம் உள்ளவருக்கு இது கொஞ்சம் கூடவே இருக்கும். மெலிந்த முதியவருக்கோ சிறுநீரகம் தளர்ந்த பிறகும் எண் 'நார்மல்' என்று வரக்கூடும், கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். எனவே இந்த எண்ணோடு வயது, பாலினம் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிட்ட இ-ஜிஎஃப்ஆர் வரியையும் பாருங்கள். அது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் 'க்ரானிக்' சிறுநீரக நோய் என்பார்கள். க்ரானிக் என்றால் நாள்பட்டது, அக்யூட் என்றால் திடீரென வந்தது, அவ்வளவுதான். நோய் எவ்வளவு கடுமை என்பதை இரண்டுமே சொல்வதில்லை. சாதாரண ஜலதோஷமும் அக்யூட், மாரடைப்பும் அக்யூட்.

அப்புறம், லேசாகத் தாண்டிய எண்ணைப் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள், முடிந்தால் அதே லேபில் எடுத்ததோடு. லேபுக்கு லேப் கருவியும் முறையும் மாறும்.

[திரையில்: பொட்டாசியம், தடித்த எழுத்தில்]

இப்படி வந்தால் காத்திருக்கக் கூடாது. பொட்டாசியம் ரொம்பக் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஊசியில் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலும் இது பொய்யாக உயரும். எது உண்மை என்பதை நாமே ஊகிக்க முடியாது. அன்றைக்கே டாக்டருக்கு போன் செய்யுங்கள். தேவைப்பட்டால் உடனே மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார்.