லொம்பா ஆற்றில் சிக்கிய படை

[திரையில்: அங்கோலா வரைபடம். தென்கிழக்கு மூலை பெரிதாகிறது.]

இந்த மூலையைப் பாருங்கள். எங்கு பார்த்தாலும் மணல், புதர்க்காடு, நடுநடுவே சதுப்பு. இந்தப் பகுதிக்குப் போர்த்துக்கீசியர்கள் வைத்த பெயரே 'உலகம் முடியும் நிலம்'. 1987-இல் அங்கோலா அரசு ஒரு பெரிய படையெடுப்பை இங்கேதான் நடத்தியது.

எதற்காக? 1975-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாடு விடுதலையானதும் தலைநகர் லுவாண்டாவில் எம்.பி.எல்.ஏ. என்ற இடதுசாரி இயக்கம் ஆட்சிக்கு வந்தது. சோவியத் ஆயுதமும் கியூபப் படையும் அதற்குத் துணை. எதிரே ஜோனாஸ் சவிம்பியின் கிளர்ச்சிப் படையான யுனிடா. அதற்குத் தென்னாப்பிரிக்காவும் அமெரிக்காவும் துணை. இதில் ஒரு வேடிக்கை உண்டு: அரசின் கஜானாவை நிரப்பிய கபிந்தா மாகாணத்து எண்ணெயை எடுத்தது அமெரிக்க நிறுவனம், அதற்குக் காவல் நின்றவர்கள் கியூப வீரர்கள்!

சரி, போருக்கு வருவோம். யுனிடாவின் தலைமையிடம் ஜாம்பா. அதற்கு வாசல் மவிங்கா விமானத்தளம். ஆகஸ்ட் மாதம் 16, 21, 47, 59 ஆகிய எண்கள் கொண்ட நான்கு அரசுப் படைப்பிரிவுகள் (பிரிகேடுகள்) குய்ட்டோ குவானவாலே என்ற ஊரிலிருந்து புறப்பட்டன. திட்டம் சோவியத் ஆலோசகர்களுடையது. 'தென்னாப்பிரிக்கா சும்மா இருக்காது' என்று கியூபர்கள் எச்சரித்தார்கள். அரசுப் படை 1985-இலும் இதே வழியில் போய் அடிபட்டுத் திரும்பியதுதான். யாரும் கேட்கவில்லை.

[திரையில்: லொம்பா ஆறு]

வரைபடத்தில் லொம்பா ஒரு மெல்லிய கோடு. நேரில் பார்த்தால் இரு கரையிலும் டாங்கியையே விழுங்கும் சேறு. 47-ஆவது பிரிகேடு ஆறு தொடங்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு தென்கரைக்குப் போய்விட்டது. மற்றவை வடகரையில். நடுவில் பாலம் போடும் முயற்சி எதுவும் பலிக்கவில்லை. தொலைவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஜி-5 பீரங்கிகள் குண்டு பொழிந்துகொண்டே இருந்தன. டீசலும் சாப்பாடும் ஏற்றிய லாரிகள் மணலில் திணறின. அக்டோபர் 3 அன்று, வடகரைக்குத் திரும்ப முயன்றபோது, ஒரே நாளில் அந்தப் பிரிகேடு சிதைந்தது. டாங்கிகளைச் சேற்றில் விட்டுவிட்டு வீரர்கள் ஆற்றைக் கடந்து ஓடினார்கள். மேற்கு நாடுகளின் கைக்கு அதுவரை கிடைக்காத சோவியத்தின் ஓசா விமான எதிர்ப்பு ஏவுகணை வண்டியும் அங்கே சிக்கியது.

அப்புறம் துரத்தல். மிஞ்சிய படை குய்ட்டோ குவானவாலேக்குப் பின்வாங்கியது. நவம்பரில் கியூபத் தலைவர் காஸ்ட்ரோ கூடுதல் படை அனுப்ப முடிவெடுத்தார். 1988 மார்ச் 23 வரை தென்னாப்பிரிக்காவும் யுனிடாவும் தாக்குதல் மேல் தாக்குதல். ஊர் விழவில்லை.

யார் ஜெயித்தார்கள்? இன்றும் இரு தரப்பும் தாங்களே என்கிறார்கள். என் கணக்கில் லொம்பா தென்னாப்பிரிக்காவுக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் அதன்பின் கியூபப் படை மேற்கே, அப்போது தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியாவின் எல்லையை நோக்கி இறங்கியதும் ஆட்டம் மாறிவிட்டது. 1988 டிசம்பர் 22-இல் நியூயார்க் ஒப்பந்தம். கியூபர்கள் அங்கோலாவை விட்டுப் போக வேண்டும், தென்னாப்பிரிக்கா நமீபியாவை விட்டுப் போக வேண்டும். 1990 மார்ச் 21-இல் நமீபியா விடுதலையானது.

அந்த ஒப்பந்தத்தில் சவிம்பிக்கு இடமில்லை. அவர் சண்டையைத் தொடர்ந்தார். 2002 பிப்ரவரி 22-இல் அரசுப் படை அவரைச் சுட்டுக் கொன்றது. ஆறே வாரத்தில் சண்டை நிறுத்தம் கையெழுத்தானது.