தீ மூட்டியவர் காவலாளி, நஷ்டம் யாருக்கு?

எல்லோருக்கும் வணக்கம். நேராக ஒரு வழக்குக்குப் போய்விடுகிறேன்.

இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலை. இரவு ரோந்துக்கு ஒரு காவல் நிறுவனத்தை அமர்த்தியிருந்தார்கள். கட்டணம் வாரத்துக்கு 9 பவுண்டுகூட இல்லை. 1970-இல் ஒரு நாள் இரவு, ரோந்து வந்த காவலாளியே உள்ளே சின்னதாக நெருப்பு மூட்டினார். அது கைமீறிப் போய் ஆலையே சாம்பலானது. நஷ்டம் 6,15,000 பவுண்டு.

காவலுக்கு வந்தவரே கொளுத்திவிட்டார், அவருடைய நிறுவனம்தானே கொடுக்க வேண்டும்? நீங்களும் நானும் அப்படித்தான் நினைப்போம். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. ஆனால் 1980-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றிவிட்டது: காவல் நிறுவனம் ஒரு பைசாவும் தர வேண்டாம். ஏன்? ஊழியர் செய்யும் தீங்கை நிறுவனம் தக்க கவனத்தோடு முன்பே அறிந்து தடுத்திருக்க முடியும் என்றால்தான் அதற்குப் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது.

எனக்கு இந்தத் தீர்ப்பு முதலில் கசந்தது. அப்புறம் அந்தக் கட்டணத்தைத் திரும்பப் பார்த்தேன். அவ்வளவு குறைந்த காசுக்கு வருகிறவர் ஆலை முழுவதற்கும் பிணை நிற்பாரா? கட்டடத்தின் மதிப்பு ஆலைக்காரருக்குத்தான் தெரியும். தீ விபத்துக் காப்பீடு எடுப்பதும் அவருக்குத்தான் எளிது. இரண்டு பக்கமும் வியாபாரிகள், தெரிந்தே கையெழுத்துப் போட்டவர்கள் என்றார்கள் நீதிபதிகள்.

இது பொறுப்பை உதறுகிற ஷரத்து. இன்டெம்னிட்டி, நம் பாடநூல்களில் ஈட்டுறுதி, வேறு மாதிரி. ‘உனக்கு நஷ்டம் வந்தால் நான் ஈடு செய்கிறேன்’ என்று ஒருவர் வாக்குக் கொடுப்பது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 124 இதை விளக்கும்போது, மனிதர் நடத்தையால் வரும் நஷ்டத்தை மட்டுமே சொல்கிறது. மின்னல் விழுந்து வந்த நஷ்டம் அதில் வராது, அதற்குத்தான் காப்பீடு.

சரி, கட்டட உரிமையாளர் ஒப்பந்தக்காரரிடம் இப்படி ஓர் ஈட்டுறுதி எழுதி வாங்குகிறார். வேலை நடக்கும்போது செங்கல் விழுந்து தெருவில் போன ஒருவருக்குக் காயம். அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லையே! ஆகவே உரிமையாளருக்குச் சட்டப்படி பொறுப்பு இருந்தால் அவர் மீதே வழக்குப் போடலாம். அங்கே இந்த ஷரத்தைக் காட்டித் தப்ப முடியாது. ஈட்டுறுதி என்பது உரிமையாளருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையே நடக்கும் கணக்கு மட்டும்.

அந்த ஒப்பந்தக்காரர் திவாலாகிவிட்டால்? உரிமையாளர் கையில் மிஞ்சுவது அழகாக டைப் அடித்த ஒரு பக்கம். காப்பீடு இருக்கிறதே என்பார்கள். பல பொறுப்புக் காப்பீட்டு பாலிசிகளில் ஒரு விலக்கு உண்டு: சட்டப்படி தனக்கு இல்லாத பொறுப்பை ஒப்பந்தத்தின் மூலம் தலையில் ஏற்றிக்கொண்டால் அதற்குப் பணம் கிடையாது. ஒப்பந்தக்காரர் தாராளமாகக் கையெழுத்துப் போட்டது பெரும்பாலும் அந்த மாதிரிப் பொறுப்புக்குத்தான்.