வலிக்காத உறுப்பில் வளரும் புற்று
(மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனில் பொதுமக்களிடையே ஒரு மருத்துவர் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே,

எதிர்க்கரைப் பட்டர்வொர்த்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் என்னிடம் வந்தபோது, சட்டை தோளில் தொளதொளத்தது. வயிறோ பொத்தான்களைப் பிய்த்துக்கொண்டு நின்றது. "வலியே இல்லையே டாக்டர், வாயு என்றல்லவா இருந்துவிட்டேன்," என்றார். பத்து ஆண்டுகளுக்கு முன் இரத்ததானம் செய்யப் போன இடத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடிட்டிஸ் பி கிருமி இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். காமாலை வராததால் அதை மறந்தே போனார். அவருக்கு இருந்தது கல்லீரல் புற்று.

கல்லீரலின் சதைக்குள் வலி நரம்புகள் இல்லை. மேலுறை இழுபட்டால்தான் வலிக்கும். அதற்குள் கட்டி பெரிதாகிவிடும். 'குடித்தவனுக்கு வரும் நோய்' என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். குடி ஒரு காரணம்தான். ஆனால் ஹெப்பாடிட்டிஸ் பி, சி கிருமிகளும், நீரிழிவோடு சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரலும், ஒரு சொட்டும் தொடாத பெண்களைக்கூட இங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. பெரும்பாலோருக்குக் கல்லீரல் முதலில் தழும்பேறிச் சுருங்குகிறது. பி கிருமியோ சில வேளைகளில் அந்தப் படியைத் தாண்டியே புற்றைக் கொண்டுவரும். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் பி தடுப்பூசி போடத் தொடங்கியது 1989இல். அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறையாவது இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

கல்லீரல் சுருங்கியவர்களும், பி கிருமியோடு வாழ்வோரில் மருத்துவர் குறிப்பிடுவோரும், 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் என்னும் இரத்தப் பரிசோதனை துணைக்கு உதவும். புற்று இருந்தும் அதன் அளவு இயல்பாகவே இருப்பதுண்டு என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது.

கட்டி தென்பட்டால் அடுத்தது, படத்தில் பளிச்சிடும் மருந்தை இரத்தத்தில் ஏற்றி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் சிரை தருகிறது. புற்றோ பெரும்பாலும் தமனியிலிருந்தே உறிஞ்சுகிறது. ஆகவே மருந்து தமனிக்குள் வரும் நொடிகளில் கட்டி பளிச்சிடும், பின்னர் சுற்றியுள்ள சதையைவிட மங்கிவிடும். சுருங்கிய கல்லீரலில் இந்த இரண்டையும் கண்டால் ஊசி குத்திச் சதை எடுக்காமலே பெரும்பாலும் உறுதி செய்துவிடலாம். பல கட்டிகள் உள்ளவர்களுக்கு, அதே தமனிக்குள் புற்றுக்கொல்லி மருந்து செலுத்தி அடைப்பதே சிகிச்சையாகவும் ஆகிறது.

சிறிய கட்டியை அறுத்தெடுக்கலாம், ஊசி வழியே சுட்டுப் பொசுக்கலாம். மாற்றுக் கல்லீரலுக்கு, 1996இல் மிலானில் வகுத்தபடி, 5 செ.மீ.க்கு மேற்படாத ஒரு கட்டி அல்லது 3 செ.மீ.க்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை ஏற்பார்கள். எதைச் செய்வதற்கும் மிச்சமுள்ள கல்லீரல் தாங்க வேண்டும். அந்த ஓட்டுநருக்குத் தாங்கவில்லை.

தாயிடமிருந்து பிறப்பிலேயே தொற்றியிருக்கலாம் என்பதால் உடன்பிறந்தோரையும் வரச் சொன்னேன். கடைசித் தம்பிக்கும் கிருமி இருந்தது. அவர் இப்போது 6 மாதத்துக்கு ஒருமுறை பாலம் கடந்து வந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகிறார்.