ஜாமீன் கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை கோர்ட்டுகளில் முப்பது வருஷமாக சிவில் வழக்கு நடத்துகிறேன். திவால் சட்டம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நம் பக்கம் திவால் என்று யார் சொல்கிறார்கள்? "ஐ.பி. போட்டுட்டாக", "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாக" என்போம். சொல்லும்போதே குரல் தணிந்துவிடும்.

கடனும் வட்டியும் செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து எத்தனையோ பேர் போட்ட பணம் போனது. மறுவருஷமே இந்தியன் வங்கி பிறந்தது, நகரத்தார் கை அதில் உண்டு. அதை இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம். இன்றைக்கு நான் பேச வந்தது, அடுத்தவர் கடனுக்கு நாம் போடும் ஜாமீன் கையெழுத்து.

சில வருஷம் முன்பு ஒரு ஆச்சி என் ஆபீசுக்கு வந்தார். கையில் மஞ்சப்பை. "கம்பெனிதானே தம்பி முங்கிப்போச்சு, எங்க வீட்டுக் கதவுல எதுக்கு நோட்டீஸ் ஒட்டுறாக?" என்றார். மருமகனின் பாத்திரக் கம்பெனிக்கு மகன் ஜாமீன் போட்டிருந்தான். பத்திரத்தைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி. குறி இருந்த இடத்திலெல்லாம் பையன் நீல மையில் கையெழுத்துப் போட்டிருந்தான். படித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். "அயித்தான் காட்டுன இடத்துல போட்டேன்" என்றான்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. 2016ஆம் வருஷ திவால் சட்டத்தில் கம்பெனி வழக்கு ஏற்கப்பட்டதும், வேறு யாரும் கம்பெனி மேல் வசூல் வழக்கு நடத்த முடியாதபடி தடை விழும். அந்தத் தடை ஜாமீன்தாரரைக் காப்பாற்றாது. 2018 திருத்தத்தில் அதைப் பளிச்சென்று எழுதிவிட்டார்கள். கடனில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு கம்பெனியை வேறு ஆளிடம் ஒப்படைக்கும் திட்டம் வந்தாலும், மீதிக்காக ஜாமீன்தாரரைத் துரத்தலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மறுபடியும் சொல்கிறேன்: கம்பெனி வழக்கு முடிந்ததால் உங்கள் ஜாமீன் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள்.

முதலாளியே ஜாமீன் போட்டால் இது நியாயம். சொந்தத்துக்காகக் கையெழுத்துப் போட்ட, லாபத்தில் ஒரு பைசா பார்க்காத மச்சானையும் அதே தராசில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. குறைந்தபட்சம் ஜாமீன் பத்திரத்தைத் தமிழில் எழுதி, ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஒரு வாரம் தர வேண்டும் என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன்.

ஆச்சி கதைக்கு வருகிறேன். ஐயா கட்டிய வீடு அது, பட்டாலையும் வளவும் ஆத்தங்குடிக் கல்லுமாக. எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்கு, பொது. ஏலத்துக்குப் போனால் பையனின் எட்டில் ஒரு பங்குதான் போகும், மற்ற ஏழும் போகாது. பங்கை வாங்கிய வெளியாள் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டாலும், குடும்ப வீடாக இருந்தால் கோர்ட் வைக்கும் விலைக்கு அந்தப் பங்கைப் பங்காளிகளே வாங்கிக்கொள்ள 1893ஆம் வருஷ பாகப்பிரிவினைச் சட்டம் வழி விட்டிருக்கிறது. இதைச் சொன்னதும் பங்காளிகள் வளவில் கூடினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வங்கியிடம் ஒரே தொகையாகப் பேசி முடித்தார்கள். சாவியை வாங்கி ஆச்சி இடுப்பில் செருகிக்கொண்டதை நான் பார்த்தேன்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். தனி ஆள் திவால் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 சட்டத்தில் சாதாரணத் தனி ஆளுக்கான பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நம் ஊர்க் கோர்ட்டில் நடப்பது 1920ஆம் வருஷச் சட்டம்தான். மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்தில் பெண்டாட்டி பேருக்கோ பிள்ளை பேருக்கோ இனாமாக எழுதிவைத்தால் கோர்ட் அதை ரத்து செய்யலாம். இன்னொன்று, ஐ.பி. உத்தரவு கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடனிலிருந்து விடுவிக்கச் சொல்லித் தனியாக இன்னொரு மனு போட வேண்டும். அதற்குக் கோர்ட் கெடு வைத்திருக்கும். கெடு தப்பினால் ஐ.பி. ரத்தாகி, கடன் கொடுத்தவர்கள் திரும்ப வந்துவிடுவார்கள். உங்களில் யாரிடமாவது பழைய உத்தரவு இருந்தால், நாளைக் காலையிலேயே எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள். வணக்கம்.