ஒரு பாடத்தை நால்வர் பார்க்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

கணிதத்தைச் சுவையாகக் கற்பிக்கப் பயிற்சி என்றதும் நம் ஆசிரியர்களுக்கு நினைவு வருவது ஒருநாள் பட்டறைதான். விளையாட்டு அட்டை, பாடல், கணினியில் புதிர்ப்போட்டி, மாலையில் சான்றிதழ். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு விளையாட்டு மட்டும் நினைவிருந்து, கணக்கு மறந்துபோனால் என்ன பயன்? பல நாடுகளின் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பிசா என்ற பன்னாட்டு மதிப்பீட்டில், மலேசியாவின் கணிதப் புள்ளி 2018இல் 440, 2022இல் 409. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்ததையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் இந்த இறக்கம் எனக்குக் கவலை தருகிறது.

பட்டறைக்கு வந்த ஆசிரியர் தம் வகுப்புக்குத் திரும்பியதும் தனியாளாகிவிடுகிறார். ஜப்பானிய ஆசிரியர்கள் நூறாண்டுக்கு மேலாகப் பின்பற்றும் பாட ஆய்வு இந்தத் தனிமையை உடைக்கிறது. மூன்று நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் வகுப்பில் நின்று பார்ப்பார்கள். ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை.

நான்காம், ஐந்தாம் ஆண்டுக்கு ஏற்ற ஒரு பாடத்தைச் சொல்கிறேன். 24 சென்டிமீட்டர் நூல். அதை வளைத்துச் செவ்வகம் அமைக்க வேண்டும். எந்தச் செவ்வகத்துக்குப் பரப்பளவு அதிகம்?

திட்டமிடும்போதே ஆசிரியர்கள் பிள்ளைகளின் விடைகளை ஊகிக்க வேண்டும். "நூல் ஒன்றுதானே, எல்லாம் சமம்தான்" என்று பலர் சொல்வார்கள். அப்போது திருத்திவிடக் கூடாது. வரைந்து பார்க்க விட வேண்டும். பதினொன்றுக்கு ஒன்று என்றால் பரப்பளவு 11. பத்துக்கு இரண்டு, 20. அப்படியே 27, 32, 35. ஆறுக்கு ஆறு என்று ஒரு பிள்ளை 36ஐக் கொண்டுவரும்போது, "அது சதுரம், செவ்வகமில்லை" என்று இன்னொரு பிள்ளை எதிர்த்து நிற்கும். வாதாடட்டும்! ஆசிரியர் அங்கே வாய்மூடி இருப்பதுதான் கடினம். அதற்குத்தான் பயிற்சி வேண்டும். எண்களை வரிசையாக எழுதிவைத்தால், இடைவெளி 9, 7, 5, 3, 1 என்று குறைந்துகொண்டே வருவதை யாராவது கண்டுபிடிக்கக்கூடும். அந்த வகுப்பில் பாட்டும் அட்டையும் தேவைப்படாது.

பார்க்கும் ஆசிரியர்கள் உதவி செய்யக் கூடாது. ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எதை எழுதினார்கள், எதை அழித்தார்கள், எங்கே நின்றுவிட்டார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பாடம் முடிந்ததும் பேச வேண்டியது அந்தக் குறிப்புகளைப் பற்றித்தான். நடத்தியவருக்கு மதிப்பெண் போடும் கூட்டமாக அது மாறிவிட்டால், அடுத்த முறை எவரும் கதவைத் திறக்க மாட்டார்.

நம் சிக்கல் எனக்குத் தெரியும். 150க்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் தமிழ்ப்பள்ளிகள் பல உள்ளன. ஓர் ஆண்டுக்கு ஒரே வகுப்பு, அதற்கு ஒரே கணித ஆசிரியர். அவர் யாருடன் சேர்ந்து திட்டமிடுவார்? பக்கத்துப் பள்ளி ஆசிரியருடன்தான். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இரண்டு மூன்று பள்ளிகள் கைகோத்தால் போதும். அறிவியல், கணித ஆசிரியர்களுக்காகவே தென்கிழக்காசிய நாடுகள் நடத்தும் ரெக்சாம் மையமும் இங்கே கெலுகோரில்தான், 1967 முதல் இயங்கி வருகிறது.

தலைமையாசிரியர்களிடம் நான் கேட்பது பணமல்ல, நேரம். தவணைக்கு ஒருமுறை கால அட்டவணையை மாற்றி, உங்கள் ஆசிரியரைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பிவையுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும், "ஆசிரியர் ஏன் வகுப்பில் இல்லை?" என்று கேட்கும் முன் காரணத்தை அறிந்துகொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தயங்கும் ஆசிரியர்கள் பின்னத்தை எடுத்துக்கொள்ளலாம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஐந்தில் இரண்டு, அரையைவிடச் சிறியது. கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்; சொல்வதை மற்ற மூவரும் எழுதிக்கொள்ளட்டும்.

நன்றி, வணக்கம்.